தண்ணீருக்கு இரண்டு மனசு

சற்று நீண்ட பதிவு இது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாகப் படிக்கலாம். நடுவில் கண் சொக்கினால் தவறில்லை, என் வகுப்பில் அது பழகிய விஷயம்தானே.

கப்பலில் என்ஜினியராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். இஸ்தான்புல் நகரம், நடுவே நீலத் தண்ணீர், தூரத்தில் பெரிய பாலம். கூடவே ஒரு வரி: “சார், நீங்க மேப்ல குச்சி வச்சுக் காட்டுன பாஸ்போரஸ் ஜலசந்தி இதுதான். கடல்னு சொன்னீங்க, ஆறு மாதிரி ஓடுது சார்.”

படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ‘ஆறு மாதிரி ஓடுது’ என்ற சொல் மட்டும் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் சரித்திரத்துக்குள் போக வேண்டும்.

1980களின் பிற்பகுதி. கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்கு அருகே ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு, நீரோட்டங்கள் பாடம். கரும்பலகையில் அம்புக்குறிகள் போட்டு, “ஓரிடத்தில் நீரோட்டம் ஒரு திசையில்தான் போகும்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் மீனவர் குப்பத்துப் பையன் ஒருவன் எழுந்தான். “சார், முகத்துவாரத்துல அப்படி இல்ல சார். மேத்தண்ணி கடலுக்குப் போவும், அடித்தண்ணி உள்ள ஏறும். அப்பா வலைய எறக்குனா அடிப்பக்கம் எதிர்த்தாப்புல இழுக்கும் சார்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தண்ணிக்கு என்னடா ரெண்டு மனசா? உட்காரு.”

வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் என் வகுப்பில் அவன் எழுந்து எதுவும் கேட்டதில்லை.

அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான். இதே விஷயத்தை அதற்கு 300 வருடம் முன்பே இத்தாலியைச் சேர்ந்த 21 வயது இளைஞர் ஒருவர் இதே பாஸ்போரஸில் நிரூபித்திருந்தார் என்று படித்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனி அந்தக் கதை.

இடத்தை முதலில் பார்த்துக்கொள்வோம். வடக்கே கருங்கடல். தெற்கே மர்மரா என்ற சின்னக் கடல். மர்மராவிலிருந்து டார்டனெல்ஸ் ஜலசந்தி வழியாக மத்தியதரைக்கடல் பக்கம் போய்விடலாம். கருங்கடலையும் மர்மராவையும் இணைக்கும் வளைந்து நெளிந்த வாய்க்கால்தான் பாஸ்போரஸ். நீளம் சுமார் 31 கிலோமீட்டர். மிகக் குறுகிய இடத்தில் அகலம் 700 மீட்டர்தான். ஒரு கரை ஐரோப்பா, மறு கரை ஆசியா.

கருங்கடலில் டான்யூப், நீப்பர், நீஸ்டர் என்று பெரிய பெரிய ஆறுகள் வந்து விழுகின்றன. ஆவியாகிப் போவதைவிட வந்து சேரும் நன்னீர் அதிகம். நிறைந்த ஏரி வழிவதுபோல, கருங்கடல் பாஸ்போரஸ் வழியாகத் தெற்கே வழிந்துகொண்டே இருக்கிறது. என் மாணவர் பார்த்த ‘ஆறு’ இதுதான். கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் கதை இத்துடன் முடிந்துவிடும்.

ஆனால் வலை போடுகிறவனுக்கு அப்படி முடியவில்லை. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் புரோகோப்பியஸ் என்றொரு வரலாற்றாசிரியர் இருந்தார். ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் போர்களை எழுதியவர். போர்களைப் பற்றிய அந்த நூலின் நடுவே, அந்தப் பக்கத்து மீனவர்கள் சொன்ன செய்தி ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார். மேல் தண்ணீர் தலைநகரை நோக்கி ஓடுகிறது, ஆழத்தில் உள்ள தண்ணீர் நேர் எதிர்த் திசையில் போகிறது, ஆழமாக இறக்கிய வலைகள் கருங்கடல் பக்கமாக இழுபடுகின்றன என்பது அந்தச் செய்தி. கடைசி பெஞ்சுப் பையன் சொன்னதேதான்.

அதற்குப் பிறகு 1,100 வருடம் அந்தச் செய்தியை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. மீனவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவர்கள் அதை வைத்துப் பிழைத்தார்கள். படித்தவர்கள் புத்தகத்தில் படித்தார்கள், தாண்டிப் போனார்கள்.

1679-ல் லூயிஜி ஃபெர்டினாண்டோ மார்சிலி கான்ஸ்டான்டிநோபிளுக்கு வருகிறார். பொலோனா நகரத்துப் பிரபுக் குடும்பம், வயது 21. வெனிஸ் அரசின் தூதரோடு கூட வந்தவர். பதினோரு மாதம்போல அங்கே தங்கினார். விருந்து, வேடிக்கை என்று பொழுதைக் கழித்திருக்கலாம். இவரோ படகை எடுத்துக்கொண்டு ஜலசந்தியை அளக்கக் கிளம்பிவிட்டார்.

அடியில் எதிரோட்டம் இருக்கிறது என்ற எண்ணம் தனக்கு எங்கிருந்து வந்தது என்பதை மார்சிலி மறைக்கவில்லை. துருக்கிய மீனவர்கள் பலர் சொன்னார்கள் என்று எழுதுகிறார். ஆங்கிலத் தூதர் சர் ஜான் ஃபின்ச்சும் இதைப் பார்க்கும்படி தூண்டினார், அவருக்கு இதைச் சொன்னவர் ஒரு கப்பல் கேப்டன் என்றும் எழுதுகிறார். ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை மீனவர் பேச்சைக் காதில் வாங்கியதோடு நில்லாமல், அதைப் புத்தகத்திலும் ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கேட்டதோடும் நிற்கவில்லை. ஒரு நீளக் கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டினார். கயிற்றில் இடைவெளி விட்டு, வெள்ளை வர்ணம் பூசிய தக்கைத் துண்டுகளைக் கட்டினார். ஓடும் தண்ணீரில் படகை நிறுத்திக் கயிற்றை இறக்கினார். மேலே இருந்த தக்கைகள் தெற்கே மர்மரா பக்கமாக ஒதுங்கின. கயிறு மேலும் இறங்க இறங்க, கீழே இருந்த தக்கைகள் வடக்கே கருங்கடல் பக்கமாக வளைந்தன. ஒரு கயிறு, இரண்டு திசை. செலவு என்று பார்த்தால் கொஞ்சம் தக்கை, கொஞ்சம் வர்ணம்.

இன்னொருவராக இருந்தால் அதோடு ஊருக்குத் திரும்பியிருப்பார். மார்சிலிக்கு ஏன் என்று தெரிய வேண்டியிருந்தது. வெவ்வேறு இடங்களிலும் ஆழத்திலும் தண்ணீர் எடுத்து எடை பார்த்தார். கருங்கடல் தண்ணீர் லேசானது, மத்தியதரைக்கடல் பக்கத்துத் தண்ணீர் கனமானது, அடியோட்டத்துத் தண்ணீரும் கனமானது என்று கண்டார். உப்பு கூடினால் எடை கூடும். நமக்கும் தெரிந்த கணக்குத்தான். நல்ல தண்ணீரில் மூழ்கும் முட்டை உப்புத் தண்ணீரில் மிதக்கும்.

பிறகு ஒரு பெட்டி செய்தார். நடுவில் தடுப்பு. ஒரு பக்கம் அடியோட்டத்திலிருந்து எடுத்த கனமான தண்ணீர், அதற்குச் சாயம். மறு பக்கம் கருங்கடல் மேல்தண்ணீரின் கனத்தில் உள்ள தண்ணீர். தடுப்பில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. திறந்தவுடன் கீழ்த் துளை வழியாகச் சாயத் தண்ணீர் அந்தப் பக்கம் போனது, மேல் துளை வழியாக லேசான தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. ஒரு கடலின் நடத்தையைப் பெட்டிக்குள் வைத்துக் காட்டிவிட்டார். கடலைப் பற்றி ஆய்வுக்கூடத்தில் செய்த முதல் சோதனைகளில் ஒன்று என்று இதை இன்றைய கடலியல் புத்தகங்கள் மதிக்கின்றன. 1681-ல் ரோமில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். அரியணையைத் துறந்து ரோமில் வாழ்ந்துவந்த ஸ்வீடன் ராணி கிறிஸ்டினாவுக்கு எழுதிய கடித வடிவில் இருந்தது அந்தப் புத்தகம்.

அந்த மனிதரின் பிற்கால வாழ்க்கையையும் சொல்லாமல் போக முடியவில்லை. ஆஸ்திரியப் படையில் சேர்ந்தார். 1683-ல் எதிரிகளிடம் பிடிபட்டு அடிமையாக விற்கப்பட்டார். மறு வருடம் பணம் கொடுத்து மீட்கப்பட்டார். வந்தவர் 1685-ல் எழுதிய சிறு நூல் எதைப் பற்றி? காபியைப் பற்றி! 1703-ல் பிரைசாக் கோட்டை எதிரியிடம் சரணடைந்தது. அதற்காக இவரைப் பதவி பறித்து அவமானப்படுத்தி அனுப்பினார்கள். ஊருக்குத் திரும்பித் தன் சேகரிப்புகளையெல்லாம் கொடுத்து பொலோனாவில் ஓர் அறிவியல் கழகத்துக்கு வித்திட்டார். 1725-ல் கடலின் இயற்கையைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். 1730-ல் காலமானார். விழுந்தால் எழுந்துகொள்ளும் ரகம்.

இப்போது கொஞ்சம் பாடம். வாத்தியார் புத்தி போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருங்கடலின் மேல்தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 18 கிராம் உப்பு. மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் தண்ணீரில் ஏறத்தாழ 38 கிராம். இதனால் ஆயிரம் லிட்டருக்குப் பத்துப் பதினைந்து கிலோ எடை வித்தியாசம் வருகிறது. நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்குதான். ஆனால் அந்தச் சின்ன வித்தியாசம் இரண்டு தண்ணீரையும் தனித்தனி அடுக்காகப் பிரித்து வைக்கப் போதும்.

கருங்கடலின் மட்டம் மர்மராவைவிடச் சராசரியாக ஓரடிபோல உயரம். அதனால் மேலே தண்ணீர் தெற்கே சரிகிறது. ஆழத்துக்குப் போகப் போக மர்மரா பக்கத்துத் தண்ணீரின் கனம் சேர்ந்துகொண்டே வருகிறது. ஓர் ஆழத்துக்குக் கீழே அந்தக் கனத்தின் அழுத்தம், கருங்கடலின் கூடுதல் உயரத்தைத் தோற்கடித்துவிடுகிறது. அங்கிருந்து கீழே ஓட்டம் வடக்கே திரும்புகிறது. மேலே உயரம் ஜெயிக்கிறது, அடியில் கனம் ஜெயிக்கிறது.

ஒரு வீட்டுக்கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கருங்கடலின் உப்பளவு வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் உள்ளே வரும் உப்பும் வெளியே போகும் உப்பும் சமமாக இருக்க வேண்டும். வருவது லிட்டருக்கு 38 கிராம், போவது 18 கிராம். ஆகவே வெளியேறும் தண்ணீர் உள்ளே வருவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு இருக்க வேண்டும். அளந்து பார்த்தவர்களின் கணக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான் வருகிறது. உட்கார்ந்த இடத்தில் கடலை அளந்துவிட்டோம், பார்த்தீர்களா!

இதில் தரையின் மேடு பள்ளத்துக்கும் பெரிய பங்கு உண்டு. பாஸ்போரஸின் அடித்தளம் சமதரை அல்ல. குறுகிய இடத்தில் 100 மீட்டருக்கு மேல் பள்ளம். தெற்கு வாயில் பக்கம் சுமார் 35 மீட்டர் ஆழத்தில் ஒரு மேடு. வடக்கே கருங்கடலுக்குள் சில கிலோமீட்டர் தள்ளி, சுமார் 60 மீட்டர் ஆழத்தில் இன்னொரு மேடு. மேலடுக்கு தெற்கே மெல்லியது, வடக்கே போகப் போகத் தடிமனாகி 50 மீட்டர்வரை வந்துவிடுகிறது. அப்படியானால் வடக்கு மேட்டைத் தாண்ட அடித்தண்ணீருக்குக் கிடைப்பது எவ்வளவு? மிக மெல்லிய ஓர் இடைவெளி.

நம் ஊர் ஏரிக் கலிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கலிங்குவரை அமைதியாக வரும். கலிங்கின் மேல் ஏறும்போது மெலிந்து வேகம் பிடிக்கும். தாண்டியதும் சரிந்து விழுந்து நுரைத்துக் கலங்கும். பாஸ்போரஸின் அடியோட்டமும் அந்த மேட்டில் அதையே செய்கிறது. தலைக்கு மேலே காற்றுக்குப் பதில் இன்னொரு தண்ணீர் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அடித்தரை ஒரு மதகுபோல நின்று, எவ்வளவு போகலாம் என்று தீர்மானிக்கிறது. தெற்கிலிருந்து பலத்த காற்று அடித்தால் மேலோட்டமே திரும்பிவிடுவதும் உண்டு. வடக்குக் காற்றும் ஆற்று வெள்ளமும் சேர்ந்து வந்தால் அடியோட்டம் தடைப்பட்டு நின்றுவிடுவதும் உண்டு.

தக்கையும் பெட்டியும் காட்டிய பிறகும் எல்லோரும் நம்பிவிடவில்லை. அடியோட்டம் உண்டா இல்லையா என்ற வாதம் 200 வருடம் நீண்டது. 1881-82-ல் ஸ்டெபான் மக்காரோவ் என்ற ரஷ்யக் கடற்படை அதிகாரி, ‘தமான்’ என்ற கப்பலின் கேப்டனாக இஸ்தான்புல்லில் நிறுத்தப்பட்டிருந்தார். தூதரகத்துக்குக் காவல் நிற்கும் வேலை. சும்மா நிற்க மனமில்லாமல் ஓட்டத்தின் வேகத்தையும் தண்ணீரின் கனத்தையும் ஆழம் ஆழமாக அளந்துகொண்டே இருந்தார். 1885-ல் வெளியான அவருடைய நூலில் இரண்டு அடுக்குகளின் எல்லை, வேகம் எல்லாம் எண்களாக இருந்தன. சந்தேகத்துக்கு இடம் குறைந்தது. அதே மக்காரோவ் 1904-ல் போர்ட் ஆர்தர் அருகே கண்ணிவெடியில் கப்பலோடு மூழ்கி இறந்தார்.

அந்த 1904-ல் இன்னொரு நூல் வெளியானது. அதுவும் கடலோடிகளின் பேச்சிலிருந்து பிறந்ததுதான். நார்வே கடலோடிகளிடம் ‘செத்த தண்ணீர்’ என்றொரு பேச்சு உண்டு. சில இடங்களில் கப்பலை யாரோ அடியில் பிடித்து இழுப்பதுபோல இருக்கும், நகரவே நகராது என்பார்கள். கேட்டவர்கள் கட்டுக்கதை என்றார்கள். 1893 ஆகஸ்டில் ஃபிரிட்யோஃப் நான்சென் தன் ‘ஃபிராம்’ கப்பலில் சைபீரியாவின் வடகரையை ஒட்டிப் போனபோது இதில் மாட்டிக்கொண்டார். என்ஜின் முழு வேகம், கப்பலோ ஊர்கிறது. உருகிய பனியின் லேசான தண்ணீர் மேலே மெல்லிய அடுக்காகவும், அடியில் உப்புத் தண்ணீரும் இருந்ததைக் கவனித்துக் குறித்துக்கொண்டார்.

ஊர் திரும்பிப் பேராசிரியர் வில்ஹெல்ம் பியெர்க்னெஸைக் கேட்டார். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத அலை எழும்புகிறது, கப்பலின் சக்தியெல்லாம் அதற்கே போய்விடுகிறது என்று அவர் ஊகித்தார். அவருடைய மாணவர் வாக்ன் வால்ஃப்ரிட் எக்மன், தொட்டியில் இரண்டு அடுக்குத் தண்ணீரும் பொம்மைக் கப்பலும் வைத்து அதை நிரூபித்தார். மேல்பரப்பு கண்ணாடிபோல அமைதி, உள்ளே பெரிய பெரிய அலைகள். அந்த ஆய்வுதான் 1904-ல் வந்தது. மறுபடியும் அதே வரிசை: தொழில் செய்கிறவர் சொன்னார், ஒருவர் காது கொடுத்தார், ஒருவர் செய்து பார்த்தார்.

சரி, இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். என் வகுப்பில் கேட்காத கேள்வியா? பாஸ்போரஸுக்கே திரும்புவோம்.

கருங்கடலுக்குள் விழும் கனமான உப்புத் தண்ணீர் அடிக்குப் போகிறது. மேலே ஆற்றுத் தண்ணீரால் லேசான அடுக்கு. இரண்டும் எளிதில் கலப்பதில்லை, அதனால் மேலே உள்ள ஆக்சிஜன் கீழே இறங்குவதில்லை. ஏறத்தாழ 150, 200 மீட்டருக்குக் கீழே கருங்கடலில் மீன் இல்லை. அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடுதான் உண்டு. மரத்தை அரிக்கும் புழுவும் அங்கே பிழைக்காது. 2018-ல் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு கிரேக்க மரக்கப்பலைக் கண்டதாக அறிவித்தார்கள். வயது சுமார் 2,400 வருடம். பாய்மரமும் சுக்கானும் துடுப்புக்காரர் உட்காரும் பலகையும் அப்படியே இருந்தன.

அந்த அடியோட்டம் கருங்கடலுக்குள் நுழைந்த பிறகும் கடல் தரையில் ஆறுபோலவே ஓடுகிறது. 2010-ல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று ஆளில்லாத் தானியங்கிக் கலத்தை அனுப்பி அதை ஆராய்ந்தது. கடலுக்கு அடியில் வாய்க்கால், கரை, வளைவு எல்லாம் இருக்கின்றன. சில இடங்களில் வாய்க்காலின் ஆழம் 35 மீட்டர், அகலம் ஒரு கிலோமீட்டர். தரை மேல் ஆறு வளைவில் திரும்பும்போது தண்ணீர் சுழலும் திசைக்கு எதிர்த் திசையில் அங்கே சுழல்வதையும் கண்டார்கள். கடலின் அடியில் ஓர் ஆறு என்று நான் வகுப்பில் சொல்லியிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்களா?

அடுத்தது சாப்பாட்டு நேரத்தில் படிக்க வேண்டாத விஷயம். இஸ்தான்புல் ஒன்றரைக் கோடி மக்கள் வாழும் நகரம். அதன் கழிவுநீரில் பெரும் பகுதியை, மேலோட்டமாக வடிகட்டிவிட்டு, குழாய் வழியாக பாஸ்போரஸின் அடியோட்டத்தில் விடுகிறார்கள். அடித்தண்ணீர் கருங்கடலின் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பது திட்டம். மார்சிலியின் தக்கைகள் வளைந்த அதே திசையை நம்பித்தான் ஒரு நகரமே கை கழுவுகிறது.

ஆனால் இரண்டு அடுக்கும் முழுக்கப் பிரிந்திருப்பதில்லை. மேடுகளிலும் குறுகலான இடங்களிலும் கலக்கின்றன. கீழே விட்டதில் ஒரு பங்கு மேலே ஏறி, மேலோட்டத்தோடு மர்மராவுக்கே திரும்பி வருகிறது. அந்தக் கடலைச் சுற்றியுள்ள மற்ற ஊர்கள், ஆலைகள், வயல்களின் கழிவும் அங்கேதான் சேர்கிறது. 2021 வசந்த காலத்தில் மர்மராவின் மேல் கோழை கோழையாக ஒரு பாசிப் படலம் படர்ந்து பல வாரம் நீங்கவில்லை. வலைகளில் ஒட்டிக்கொண்டது, படகுகள் கரையில் நின்றன. கழிவின் சத்து, கடலின் வெப்பம், அசையாத தண்ணீர் எல்லாம் சேர்ந்து விளைந்தது அது. அடியில் தள்ளினால் போய்விடும் என்று நம்பியதன் பலனை முதலில் அனுபவித்தவர்கள், அடியோட்டத்தை உலகுக்குச் சொன்ன அதே மீனவர் வம்சத்தார்.

போன வாரம் பேரனின் பழைய மீன்தொட்டியில் நானும் இதைச் செய்து பார்த்தேன். நடுவில் அட்டைத் தடுப்பு. ஒரு பக்கம் நல்ல தண்ணீர். மறு பக்கம் இரண்டு கைப்பிடி கல்லுப்பு கரைத்து நீல இங்க் ஊற்றிய தண்ணீர். முதல் தடவை அட்டை ஊறிப்போய் எல்லாம் கலந்துவிட்டது. சமையலறை மேடையெல்லாம் நீலம், வீட்டம்மாவின் பேச்சை இங்கே எழுத முடியாது. இரண்டாம் தடவை பிளாஸ்டிக் அட்டை வைத்து, ஓரத்தைச் சப்பாத்தி மாவால் அடைத்தேன். மிச்ச மாவைத் தொட்டியின் தரையில் ஒரு மேடாக வைத்தேன். தடுப்பை மெல்ல உருவினேன். நீலத் தண்ணீர் தரையோடு தவழ்ந்து வந்து, மேட்டின் முன்னால் தேங்கி, மெலிந்து ஏறி, அந்தப் பக்கம் சரிந்து விழுந்தது. மேலே தெளிந்த தண்ணீர் எதிர்ப்பக்கம் போயிற்று. பேரன், “தாத்தா, தண்ணி ரெண்டு பக்கமும் போகுது!” என்று கத்தினான்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

கொள்ளிட முகத்துவாரத்தில் நடப்பதும் இதுதான். வெள்ளம் வடிந்து ஆற்றில் தண்ணீர் குறையும்போது, லேசான ஆற்றுத் தண்ணீர் மேலே கடலுக்குப் போகும். கனமான கடல் தண்ணீர் ஆப்புபோல அடியில் உள்ளே ஏறும். நம் பக்கத்து மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். மேலே ஒரு நீவாடு, அடியில் ஒரு நீவாடு என்பது அவர்களுக்குத் தினசரிச் செய்தி. எனக்குத்தான் அது பாடப்புத்தகத்தில் இல்லை.

அந்தப் பையன் மறு வருடம் பள்ளிக்கு வரவில்லை. என் ஏளனத்தால்தான் நின்றுவிட்டான் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் வேறு காரணங்கள் இருந்திருக்கும். ஆனாலும் வலையின் அடிப்பக்கம் எந்தத் திசையில் இழுக்கிறது என்று கவனித்த ஒரு பிள்ளையை, அப்பன் சொன்னதைத் தைரியமாக எழுந்து சொன்ன பிள்ளையை, நான் உட்கார வைத்தேன். பள்ளியிலிருந்து முகத்துவாரம் ஐந்து கிலோமீட்டர். ஒரு சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு சைக்கிளில் போய், அவன் அப்பாவின் படகிலிருந்து ஒரு கயிறும் நாலு தக்கையும் இறக்கிப் பார்த்திருக்கலாம். 21 வயதில் மார்சிலிக்குத் தோன்றியது, பாடம் நடத்திச் சம்பளம் வாங்கிய எனக்குத் தோன்றவில்லை.

அந்த வகுப்பில் அன்று சிரித்தவர்கள் சிலர் இந்தப் பதிவையும் படிப்பீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, சிரிக்க வைத்தவன் நான். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்தால் பின்னூட்டத்தில் பேர் போட வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும். முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் பஸ் ஏற முடியும்.

இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை, “எங்க அப்பா சொல்வார் சார்” என்று ஆரம்பித்தால், சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேளுங்கள். தப்பாக இருந்தால் அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.

கடலோர ஊர்க்காரர்கள், அடித்தண்ணீர் எதிர்ப்பக்கம் போவதற்கு உங்கள் ஊரில் என்ன பேர் சொல்வார்கள் என்று கீழே எழுதுங்கள். நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.